கல்யாணம் ஆகாத வெளிநாட்டு பார்ட்னருக்கு ஷெங்கன் விசா எடுக்கறது எப்படி: முழு வழிகாட்டி

ஷெங்கன்ங்கறது, ஒரே விசாவுல எல்லாத்துக்கும் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளோட கூட்டம். அதுல ஒரு நாட்டுல நான் இருக்கேன், என் பார்ட்னர் அதுக்கு வெளிய இருக்காங்க. முதல் தடவை அப்ளை பண்ணப்போ நாங்க செஞ்ச பெரிய தப்பு, எங்க உறவையே மறைச்சதுதான். கல்யாணம் ஆகலையே, காதல்னு சொன்னா சந்தேகப்படுவாங்கன்னு நினைச்சு, ஃபார்ம்ல டூரிசம்னு போட்டு, ஹோட்டல் புக்கிங் வெச்சு, என் பேரே எங்கயும் வராம பார்த்துக்கிட்டோம். கவுன்டர்ல "அங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா"ன்னு சாதாரணமா ஒரு கேள்வி. என் பார்ட்னருக்கு பொய் சொல்ல வரல, ஆமான்னு சொல்லிட்டாங்க. பேப்பர்ல ஒண்ணு, வாயில ஒண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு வந்த தாள்ல, பயணத்தோட நோக்கத்துக்கு சொன்ன காரணம் நம்பும்படியா இல்லைங்கற கட்டத்துல டிக் போட்டிருந்தது. ரெண்டாவது தடவை அதே வேலை, அதே சம்பளம், அதே பேங்க் அக்கவுண்ட், ஆனா இந்த தடவை இருக்கறதை இருக்கற மாதிரியே எழுதிக் குடுத்தோம், விசா வந்துடுச்சு.

அதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். ஃபைலைப் பார்க்கற ஆஃபீசருக்கு கல்யாணம் ஆகலைங்கறது பிரச்சனையே இல்ல. அவருக்கு ரெண்டு கேள்வி. இந்த உறவு உண்மையா? இவங்க விசா முடியறதுக்குள்ள திரும்பிப் போவாங்களா? இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும்ங்கறதுதான் நம்மள மாதிரி ஜோடிகளுக்கு இருக்கற சிக்கல், உறவு எவ்வளவு ஆழம்னு காட்டறீங்களோ அவ்வளவுக்கு "அப்போ இவங்க அங்கயே இருந்துடுவாங்களே"ன்னு தோணும். அதனால உறவை மறைக்கவும் கூடாது, அதை மட்டுமே காட்டிட்டு நிறுத்தவும் கூடாது. ஃபைல்ல உறவுக்கு ஒரு பங்குன்னா திரும்பி வர்றதுக்கு ரெண்டு பங்கு பேப்பர் இருக்கணும். கீழ சொல்றது எல்லாமே இதை வெச்சுதான்.

முதல் ஸ்டெப்: விசா வேணுமா, வேணும்னா எந்த ரூட்

பார்ட்னரோட பாஸ்போர்ட் எந்த நாட்டோடதுன்னு முதல்ல பாருங்க. மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான், பிரேசில் மாதிரி நாட்டு பாஸ்போர்ட்டுக்கு குறுகிய பயணத்துக்கு ஷெங்கன் விசாவே தேவையில்ல. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு வேணும். அதே இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க ஏற்கனவே ஏதாவது ஒரு ஷெங்கன் நாட்டுல ரெசிடென்ஸ் பெர்மிட்ல இருந்தாங்கன்னா மத்த ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாள்ல 90 நாள் வரைக்கும் அந்த கார்டை வெச்சே போகலாம்.

ஷெங்கன்ல இப்போ 29 நாடு இருக்கு, பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1ல இருந்து முழுசா சேர்ந்தாச்சு. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்ல ஆனா ஷெங்கன்ல இருக்கு. அயர்லாந்து யூனியன்ல இருக்கு ஆனா ஷெங்கன்ல இல்ல, பிரிட்டன் ரெண்டுலயும் இல்ல. இந்த ரெண்டு நாட்டுக்கும் தனி விசா, இந்த கட்டுரை அதுக்கு இல்ல.

நமக்கு வேண்டியது சி டைப் விசா, அதாவது எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் அதுக்குள்ள அதிகபட்சம் 90 நாள். அங்க போய் சேர்ந்து வாழறதுதான் பிளான்னா சி டைப் எடுத்துட்டுப் போய் அங்க மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் முடியாது, அதுக்கு டி டைப் நேஷனல் விசா, அதாவது அந்தந்த நாடு குடுக்கற நீண்ட கால விசா இருக்கு.

இப்போ ரூட். நீங்க ஐரோப்பிய யூனியன் குடிமகனா இல்லையாங்கறதைப் பொறுத்து இது மாறும், நிறைய பேர் இங்க குழம்பறாங்க. 2004ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, 2004/38ன்னு சொல்வாங்க, யூனியன் குடிமக்களோட குடும்பத்துக்கு விசா ஃபீஸ் இல்லாம சீக்கிரமா குடுக்கணும்னு சொல்ற சட்டம். அதுல குடும்பம்னா கணவன், மனைவி, சில நாடுகள்ல பதிவு பண்ண பார்ட்னர், 21 வயசுக்கு உட்பட்ட இல்ல சார்ந்திருக்கற பசங்க, சார்ந்திருக்கற அப்பா அம்மா மாதிரி நெருங்கின சொந்தம்தான். கல்யாணம் ஆகாத பார்ட்னர் இந்த லிஸ்ட்ல இல்ல. ஆனா அதே சட்டத்தோட 3வது பிரிவுல, நிரூபிக்கப்பட்ட நிலையான உறவுல இருக்கற பார்ட்னருக்கும் நாடுகள் வழி பண்ணித் தரணும், தனிப்பட்ட சூழ்நிலையை நல்லா ஆராயணும், மறுத்தா காரணம் சொல்லணும்னு இருக்கு. உரிமைன்னு சொல்ல முடியாது, ஆனா கண்ணை மூடிக்கிட்டு மறுக்கவும் முடியாது.

ஒரு விஷயம் முக்கியம். இந்த சட்டம், யூனியன் குடிமகன் சொந்த நாட்டைத் தாண்டி வேற யூனியன் நாட்டுக்குப் போறப்போ தான் வேலை செய்யும். நீங்க பிரெஞ்சு குடியுரிமை வெச்சிருந்து ஜெர்மனில வாழறீங்கன்னா, இல்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்பெயின் போறீங்கன்னா பொருந்தும். பிரெஞ்சுக்காரரா பிரான்ஸ்லயே இருந்துக்கிட்டு பார்ட்னரை அங்க கூப்பிடறீங்கன்னா பொருந்தாது. நீங்க வேலை விசாவுல, புளூ கார்டுல (படிச்சவங்களுக்கான யூனியன் வேலை பெர்மிட்) இருக்கறவங்கன்னா சாதாரண விசிட்டர் ரூட்தான், கவலைப்பட வேண்டாம், என் பார்ட்னருக்கும் அந்த ரூட்லதான் கிடைச்சது.

எத்தனை வருஷம் சேர்ந்திருந்தா நிலையான உறவுன்னு கேட்பீங்க. ஒரே அளவு கிடையாது. நாடுகள் குறைஞ்சபட்ச காலம் வெச்சுக்கலாம், ஆனா அதை மட்டும் பார்க்காம சேர்ந்து வீட்டுக்கடன் வாங்கினது மாதிரி மத்த விஷயங்களையும் பார்க்கணும்னு ஐரோப்பிய கமிஷன் 2009லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு.

ரெண்டாவது: எங்க, எப்போ

அதிக நாள் தங்கற நாட்டோட எம்பசில அப்ளை பண்ணணும். ரெண்டு நாட்டுல சம நாள்னா முதல்ல நுழையற நாடு. எங்க ஈஸியா கிடைக்குதுன்னு வேற நாட்டுக்கு அப்ளை பண்ணிட்டு உங்ககிட்ட வந்து தங்கினா பார்டர்லயே மாட்டுவாங்க. பார்ட்னர் சட்டப்படி வாழற நாட்டுல இருந்துதான் அப்ளை பண்ணணும், அது சொந்த நாடா இல்லாம வேலைக்குப் போன நாடா இருந்தா அங்க இருக்கற பெர்மிட் பயணம் முடிஞ்சப்புறமும் செல்லுபடியாகணும்.

பயணத்துக்கு 6 மாசத்துக்கு முன்னாடி இருந்து அப்ளை பண்ணலாம், கடைசியா 15 நாள் முன்னாடியாவது குடுத்துடணும். முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்குவாங்க, கூடுதலா விசாரிக்கணும்னா 45 நாள் வரைக்கும் போகலாம். கோடைக்கால பயணத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பெரிய விஷயம், நாலு மாசம் முன்னாடியே உட்காருங்க. ஸ்லாட் வாங்கித் தர்றேன்னு காசு கேட்கற ஏஜென்ட் பக்கம் போகாதீங்க.

பாஸ்போர்ட்டை இப்பவே எடுத்துப் பாருங்க: கடைசி 10 வருஷத்துக்குள்ள குடுத்ததா இருக்கணும், ஐரோப்பாவை விட்டு கிளம்பற தேதிக்கு அப்புறம் 3 மாசமாவது செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும்.

மூணாவது: ஃபார்ம்

எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் ஒரே ஃபார்ம்தான். நம்மள மாதிரி ஜோடிகள் நாலு இடத்துல நிதானிக்கணும்.

திருமண நிலைங்கற இடத்துல சட்டப்படி என்னவோ அதைத்தான் போடணும், அதாவது சிங்கிள், இல்ல விவாகரத்து ஆனவர். சிங்கிள்னு போட்டா உறவு இல்லைன்னு ஆயிடுமேன்னு மனசு கஷ்டப்படும், ஆகாது, அது சட்ட நிலை மட்டும்தான். பயண நோக்கம்ங்கற இடத்துல குடும்பத்தினர் அல்லது நண்பர்களைப் பார்க்கங்கற கட்டத்துல டிக். கூப்பிடறவர் விவரத்துல உங்க பேர், அட்ரஸ், ஃபோன் எல்லாம் முழுசா, ஒளிக்காம. யூனியன் குடிமகனோட குடும்பத்தினர்ங்கற பகுதியை நான் மேல சொன்ன 3வது பிரிவு ரூட்ல போறவங்க மட்டும் நிரப்பி, உறவு என்னன்னு கேட்கற இடத்துல மத்தவைங்கறதை எடுங்க. மத்தவங்க அதை காலியா விட்டுடுங்க, சும்மா நிரப்பி வெச்சா ஃபைல் வேற பாதைல போய் மாட்டிக்கும்.

நாலாவது: உறவை நிரூபிக்கறது

நாங்க முதல்ல நூத்துக்கணக்குல ஃபோட்டோ, பக்கம் பக்கமா சாட் பிரின்ட் எடுத்து அடுக்கினோம். யாரும் அதைப் படிக்க மாட்டாங்க. ரெண்டாவது தடவை ஒரே ஒரு பக்கம் டைம்லைன் போட்டோம்: எந்த மாசம் எங்க அறிமுகம், முதல்ல நேர்ல பார்த்தது எப்போ, யார் யாரைப் பார்க்க எந்தெந்த தேதில வந்தாங்க, வீட்டுல எப்போ சொன்னோம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரு நம்பர், அந்த நம்பர்ல பின்னாடி ஆதாரம். ஆஃபீசர் ரெண்டு நிமிஷத்துல முழுக்கதையும் புரிஞ்சுக்கற மாதிரி இருக்கணும்.

ஆதாரத்துலயே வலுவானது பாஸ்போர்ட் முத்திரைதான். நீங்க பார்ட்னர் நாட்டுக்குப் போய் வந்த என்ட்ரி, எக்ஸிட் ஸ்டாம்ப் பக்கத்தையும் அதே தேதி போர்டிங் பாஸையும் பக்கத்து பக்கத்துல வெச்சு காப்பி எடுங்க. அடுத்தது சேர்ந்து போட்ட கான்ட்ராக்ட், வாடகை ஒப்பந்தம், ஒருத்தர் அக்கவுண்ட்ல இருந்து இன்னொருத்தருக்கு மாசாமாசம் போன பணம். ஃபோட்டோ எட்டோ பத்தோ போதும், ஆனா வேற வேற வருஷம், வேற வேற இடம், ரெண்டு மூணுலயாவது குடும்பத்து ஆளுங்க இருக்கணும், கீழ தேதியும் இடமும் எழுதுங்க. சாட்ல மாசத்துக்கு ஒரு பக்கம், அதுவும் "இன்னைக்கு டாக்டர் என்ன சொன்னார்", "ஃபிளைட் லேட்டா"ங்கற மாதிரி அன்றாடப் பேச்சு. அந்தரங்கமான மெசேஜை தெரியாத ஒருத்தர் படிக்க வேண்டிய அவசியமே இல்ல, அதை வெக்காதீங்க.

2020ல கொரோனாவுக்காக எல்லை மூடினப்போ கல்யாணம் ஆன ஜோடிக்கு வழி விட்டாங்க, ஆகாதவங்க மாசக்கணக்கா பிரிஞ்சு கிடந்தாங்க. "காதல்ங்கறது சுற்றுலா இல்ல"ங்கற பேர்ல பெரிய பிரச்சாரமே நடந்தது, அப்புறம் டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனி மாதிரி நாடுகள் நிரூபிச்சா விடறோம்னு சொன்னாங்க. அப்பவும் பல இடங்கள்ல முதல்ல கேட்டது முன்னாடி நேர்ல சந்திச்சதுக்கு ஆதாரம் இருக்கான்னுதான். ஆன்லைன்ல மட்டும் பழகியிருக்கீங்கன்னா விசாவுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அங்க போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க, அந்த ஒரு டிரிப் ஃபைலையே மாத்திடும்.

அஞ்சாவது: திரும்பி வருவாங்கன்னு காட்டறது

இதுதான் உயிர்நாடி. வேலைல இருக்கறவங்கன்னா லீவ் லெட்டர். சும்மா "லீவ் குடுத்திருக்கோம்"னு இருந்தா பத்தாது, எந்த பதவி, எந்த வருஷத்துல இருந்து வேலை, லீவ் எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எந்த தேதில மறுபடி வேலைல சேரணும்னு இருக்கணும். அந்த கடைசி வரிதான் ஆஃபீசர் தேடற வரி. கூடவே மூணு மாச சம்பள ஸ்லிப், வருமான வரி பேப்பர். சொந்தத் தொழில்னா பதிவு சர்டிஃபிகேட், வரி பேப்பர், திரும்பி வந்ததும் முடிக்க வேண்டிய ஆர்டர் ஏதாவது இருந்தா அது. படிக்கறவங்கன்னா காலேஜ் லெட்டர்ல அடுத்த செமஸ்டர் தேதி.

வேலை இல்லாதவங்க, இப்போதான் வேலையை விட்டவங்க என்ன பண்றதுன்னா, வேற கட்டுகள் என்ன இருக்குன்னு யோசிங்க: பார்த்துக்க வேண்டிய அப்பா அம்மா, பள்ளிக்கூடம் போற குழந்தை, பேர்ல இருக்கற வீடு, புது வேலைக்கான ஆஃபர் லெட்டர். முன்னாடி வேற நாடுகளுக்குப் போய் ஒழுங்கா திரும்பி வந்த விசா, ஸ்டாம்ப் எல்லாம் பெரிய பலம், பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து வெய்யுங்க.

நாளும் முக்கியம். முதல் பயணத்துக்கே 90 நாள் கேட்டா, அவ்வளவு நாள் லீவ் எந்த வேலைல குடுப்பாங்கன்னு கேள்வி வரும். ரெண்டு மூணு வாரம் கேளுங்க. பிரிஞ்சிருக்கறவங்களுக்கு அது போதாதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், ஆனா முதல் விசாவை ஒழுங்கா யூஸ் பண்ணா அடுத்தது சுலபமாகும்.

கவர் லெட்டர்ல இதை நேரா சொல்லிடுங்க. எங்க லெட்டர்ல இருந்த பாரா கிட்டத்தட்ட இப்படி: "நாங்க மூணு வருஷமா உறவுல இருக்கோம், இதுவரை நாலு தடவை நேர்ல சந்திச்சிருக்கோம், விவரம் 1வது இணைப்புல. நான் இந்தப் பயணத்துல அவங்க வீட்டுல 16 நாள் தங்கி அவங்க குடும்பத்தைச் சந்திக்கப் போறேன். 17வது நாள் ஊர் திரும்பி அதுக்கு அடுத்த திங்கள்கிழமை வேலைல சேரணும், லீவ் லெட்டர் 6வது இணைப்புல. எதிர்காலத்துல சேர்ந்து வாழ முடிவு பண்ணா அதுக்கான விசாவுக்கு முறைப்படி அப்ளை பண்ணுவோம்." அந்த கடைசி வரியைப் போடலாமான்னு ரொம்ப யோசிச்சோம். அந்த சந்தேகம் எப்படியும் ஆஃபீசர் மனசுல ஓடும், நாமளே பதில் சொல்லிடறது நல்லதுன்னு போட்டோம்.

ஆறாவது: பணமும் ஸ்பான்சரும்

ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் காட்டணும்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனிக்கு ஒரு நாளைக்கு 45 யூரோ. பிரான்சுக்கு ஹோட்டல் புக்கிங் இருந்தா 65, இல்லைன்னா 120, உங்க வீட்டுல தங்க சர்டிஃபிகேட் இருந்தா 32.50. பேங்க் ஸ்டேட்மென்ட் மூணுல இருந்து ஆறு மாசத்துக்குக் குடுங்க. அப்ளை பண்றதுக்கு முந்தின வாரம் மொத்தமா ஒரு பெரிய தொகையைப் போட்டா அது கடன் வாங்கின பணம்னு பளிச்சுனு தெரியும். நீங்க அனுப்பின பணம்னா அனுப்பின பணம்னே லெட்டர்ல எழுதுங்க, தப்பே இல்ல.

நீங்க செலவை ஏத்துக்கறீங்கன்னா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை இருக்கு. ஜெர்மனில வெளிநாட்டவர் ஆஃபீஸ்ல ஃபெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்னு ஒரு உறுதிமொழி, கட்டணம் 29 யூரோ, உங்க சம்பளத்தைப் பார்த்துட்டுத்தான் குடுப்பாங்க. அதுல கையெழுத்து போட்டா பார்ட்னரோட ஆஸ்பத்திரிச் செலவு, திருப்பி அனுப்பற செலவு வரைக்கும் உங்க பொறுப்பு, படிச்சுட்டுப் போடுங்க. பிரான்ஸ்ல மெரிங்கற நகராட்சி ஆஃபீஸ்ல அட்டெஸ்டாசியோன் தாக்கேய், அதாவது மேல சொன்ன வீட்டுல தங்கறதுக்கான சர்டிஃபிகேட், 30 யூரோ வரி ஸ்டாம்ப். நெதர்லாந்துல ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டு அதை நகராட்சில உறுதிப்படுத்தணும். பெரும்பாலும் ஒரிஜினல் பார்ட்னர் கைக்குப் போய்ச் சேரணும், கூரியருக்கு ரெண்டு வாரம் ஒதுக்குங்க. கூடவே உங்க பாஸ்போர்ட் இல்ல பெர்மிட் காப்பி, சம்பள ஸ்லிப், வாடகை ஒப்பந்தம்.

இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ், எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், தங்கற எல்லா நாளுக்கும். டிக்கெட் ரிசர்வேஷன் காட்டினா போதும், விசா வர்றதுக்கு முன்னாடி திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீங்க, போலி புக்கிங் வேண்டவே வேண்டாம்.

ஏழாவது: கவுன்டர் நாள்

ஃபீஸ் 2024 ஜூன் 11ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, பேப்பர் வாங்கற விசா சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி, மறுத்தாலும் திரும்பி வராது. முதல் தடவைன்னா பார்ட்னர் நேர்ல போய் பத்து விரல் ரேகையும் குடுக்கணும், அது 59 மாசத்துக்கு செல்லும். விஎஃப்எஸ் மாதிரி சென்டர்ல இருக்கறவங்க பேப்பரை வாங்கி அனுப்பறவங்கதான், முடிவு பண்றது எம்பசி. அதனால அங்க யாராவது "இந்த உறவு ஆதாரமெல்லாம் வேண்டாம், லிஸ்ட்ல இல்ல"ன்னு எடுத்துக் குடுத்தா, மரியாதையா "இருக்கட்டும் சார், சேர்த்து அனுப்புங்க"ன்னு சொல்லச் சொல்லுங்க.

முந்தின ராத்திரி ரெண்டு பேரும் ஃபோன்ல உட்கார்ந்து தேதிகளை ஒரு தடவை சொல்லிப் பாருங்க. எம்பசில இருந்து உங்களுக்கே ஃபோன் வரலாம். எப்போ சந்திச்சீங்க, அவங்க என்ன வேலை பார்க்கறாங்க, எத்தனை நாள் தங்கறாங்க, இதுக்கெல்லாம் ரெண்டு பேர் பதிலும் ஒண்ணா இருக்கணும். மனப்பாடம் பண்ண வேண்டாம், உண்மையை ஞாபகப்படுத்திக்கிட்டா போதும்.

ரிஜெக்ட் ஆச்சுன்னா

வர்ற தாள்ல காரணங்கள் கட்டம் கட்டமா இருக்கும், எதுல டிக்னு பாருங்க, அதுக்குத்தான் பதில் தேடணும். நோக்கம் நம்பும்படி இல்லைன்னா உறவு பேப்பர் பத்தல. திரும்பிப் போற எண்ணத்துல சந்தேகம்னா அஞ்சாவது ஸ்டெப்பை மறுபடி பாருங்க, இன்னும் நாலு ஃபோட்டோ சேர்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்பீல் உரிமை உண்டு, முறையும் கெடுவும் நாட்டுக்கு நாடு வேற, அந்தத் தாள்லயே இருக்கும். நெதர்லாந்துக்கு நாலு வாரம். ஜெர்மனி எம்பசிலயே மறுபரிசீலனை கேட்கற வழியை 2025 ஜூலைல இருந்து நிறுத்திட்டாங்க, இனி புதுசா அப்ளை பண்ணணும், இல்ல பெர்லின் கோர்ட்டுக்குப் போகணும். பேப்பர் குறைதான் காரணம்னா புது அப்ளிகேஷனே சீக்கிரம் முடியும். பழைய ரிஜெக்ட் விஐஎஸ்ங்கற பொது விசா கம்ப்யூட்டர் சிஸ்டத்துல எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் தெரியும், புது லெட்டர்ல அதைச் சொல்லி என்ன மாறியிருக்குன்னு எழுதுங்க.

விசா வந்தப்புறம்

சந்தோஷத்துல ஸ்டிக்கரை சரியா படிக்காம விட்டுடறாங்க. அதுல இந்த தேதில இருந்து இந்த தேதி வரைங்கறது ஒண்ணு, தங்கற நாள் எண்ணிக்கை இன்னொண்ணு. 16 நாள் கேட்டிருந்தா பொதுவா 15 நாள் கூடுதலா சேர்த்து 31 நாளுக்கு தேதி போடுவாங்க, ஆனா தங்க முடியறது 16 நாள்தான். வந்து இறங்கற நாளும் கிளம்பற நாளும் கணக்குல சேரும். எத்தனை தடவை நுழையலாம்ங்கற இடத்துல 01னு இருந்தா, நடுவுல லண்டன் போயிட்டு வரலாம்னு நினைக்காதீங்க, திரும்ப உள்ள விட மாட்டாங்க.

ஃபைலோட ஒரு காப்பி கைப்பைலயே இருக்கட்டும், லக்கேஜ்ல போட்டுடாதீங்க. பார்டர்ல எங்க தங்கறீங்கன்னு கேட்டா "என் பார்ட்னர் வீட்டுல"ன்னு சொல்லி உங்க இன்விடேஷனைக் காட்டினா முடிஞ்சது. நீங்க வெளிய காத்துக்கிட்டு இருக்கறப்போ ஃபோனை சார்ஜ்ல வெச்சுக்குங்க, சில சமயம் அவங்க உங்களையே கூப்பிட்டுக் கேட்பாங்க.

ஊர் திரும்பினதும் போர்டிங் பாஸை எடுத்து பத்திரப்படுத்துங்க. 2025 அக்டோபர் 12ல இருந்து ஸ்டாம்புக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல பதியற முறை ஆரம்பிச்சதால பாஸ்போர்ட்ல முத்திரை இல்லாமலே போகலாம், கையில ஒரு ஆதாரம் வேணும். இந்தியால இருந்து அப்ளை பண்ற இந்தியர்களுக்கு, மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசாவை ஒழுங்கா யூஸ் பண்ணியிருந்தா ரெண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி தரணும்னு 2024 ஏப்ரல்ல விதி வந்திருக்கு, அதுக்கு அப்புறம் அஞ்சு வருஷம். மத்தவங்களுக்கு ரெண்டு வருஷத்துல மூணு விசா யூஸ் பண்ணா ஒரு வருஷ மல்டிபிள். அடுத்த தடவை ஃபார்ம் நிரப்பறப்போ மல்டிபிள் என்ட்ரின்னு கேட்டு, இந்தப் பழைய விசா காப்பியையும் போர்டிங் பாஸையும் முதல் பக்கத்துலயே வெய்யுங்க.